ரிக்கி நெல்சன் நினைவாக: அந்த முகத்துக்குப் பின்னால் நல்ல காது ஒன்று இருந்தது

தெற்குவாசல்:

வணக்கம் நண்பர்களே. நேற்று ராத்திரி வேலை முடிந்து காரில் வரும்போது ரிக்கி நெல்சனின் 'ஹலோ மேரி லூ' வந்தது. எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. ஆனாலும் நடுவில் அந்தக் கிதார் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இந்த இழை.

ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் என்று பேச்சு எடுத்தால் எல்விஸ், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், படி ஹாலி என்று மளமளவென்று பெயர்கள் வரும். ரிக்கி நெல்சன் என்றால் மட்டும் "அந்த டிவி பையனா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு இது பல வருட ஆதங்கம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. பிறந்தது 1940 மே 8, நியூ ஜெர்சியின் டீனெக் ஊரில். அப்பா ஓஸி நெல்சன் நடன இசைக்குழு நடத்தியவர், அம்மா ஹாரியட் அதே குழுவின் பாடகி. 1944இல் இருவரும் சேர்ந்து தங்கள் குடும்பக் கதையையே வானொலி நாடகமாக நடத்த ஆரம்பித்தார்கள். முதலில் பிள்ளைகளின் பாத்திரங்களில் வேறு பையன்கள் நடித்தார்கள். 1949இல் அண்ணன் டேவிடும் தம்பி ரிக்கியும் தாங்களே தங்களாக நடிக்க வந்துவிட்டார்கள். ரிக்கிக்கு அப்போது எட்டு வயது. 1952இல் அது ஏபிசி தொலைக்காட்சிக்குப் போய் 1966 வரை ஓடியது, மொத்தம் 435 பகுதிகள். ஒரு பிள்ளை பல் முளைத்து, மீசை முளைத்து, கல்யாணமாகி நிற்கிறவரை ஒரு நாடே வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூடப் பழகிய பெண் எல்விஸ் பாட்டைக் கேட்டுச் சொக்கிப்போக, "நானும் ஒரு ரெக்கார்ட் போடப்போறேன்" என்று வாய்விட்டுவிட்டான். சொன்னபிறகு செய்து காட்ட வேண்டுமே! 1957 ஏப்ரல் 10ஆம் தேதி ஒளிபரப்பான பகுதியில் ஃபேட்ஸ் டாமினோவின் 'ஐ'ம் வாக்கின்' பாட்டைப் பாடினான். வயது பதினாறு. அந்த ஒரு வாரத்தில் எல்லாம் மாறிவிட்டது.

முகத்துக்காகத்தான் கொண்டாடினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் இருந்த பெரிய சொத்து முகமல்ல, காது. எந்தப் பாட்டை எடுப்பது, யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் காலத்து இளசுகளின் நாயகர்கள் வேறு யாருக்கும் தெரியவில்லை என்பது என் கட்சி. உங்கள் நினைவுகளையும் எதிர்வாதங்களையும் எழுதுங்கள்.

கரிசல்:

நல்ல இழை. ஆனால் நான் எதிர்க்கட்சி.

முதல் பாட்டையே பாருங்கள். ஃபேட்ஸ் டாமினோ பாடி அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்த பாட்டு அது. நியூ ஆர்லியன்ஸ்காரர், கறுப்பினக் கலைஞர், எத்தனையோ வருடமாகப் பியானோவில் உழைத்து மேலே வந்தவர். அதே பாட்டை வெள்ளைக்காரப் பையன் ஒருவன் அப்பா தயாரிக்கும் தொடரில் நின்று பாடினால் ஒரே இரவில் நட்சத்திரம். கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகளை மறுபடி பாடிப் பெயர் வாங்கிய வெள்ளைக்காரப் பாடகர் பாட் பூன் செய்த அதே வேலைதானே இது? வாராவாரம் நிகழ்ச்சியின் கடைசியில் ஒரு பாட்டு. அவ்வளவு பெரிய விளம்பரம் சக் பெர்ரிக்குக் கிடைத்ததா? போ டிட்லிக்குக் கிடைத்ததா?

காது இருந்தது என்கிறீர்கள். இருக்கட்டும். கதவைத் திறந்தது அப்பாதானே.

தெற்குவாசல்:

கரிசல் சார், நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கதவைத் திறந்தது ஓஸிதான். அந்தக் கதவு கறுப்பினக் கலைஞர்களுக்குச் சாத்தியிருந்ததும் உண்மைதான். இதில் வாதாட ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, அந்தப் பாட்டை எழுதியவர்கள் டாமினோவும் டேவ் பார்த்தலமியூவும். பெயர் அவர்களுடையதாகவே இருந்தது. முதல் தட்டு வெளியிட்ட வெர்வ் நிறுவனத்தோடு பணத் தகராறு வந்ததும் ஓஸி மகனை எங்கே கூட்டிக்கொண்டு போனார் தெரியுமா? இம்பீரியலுக்கு. ஃபேட்ஸ் டாமினோ இருந்த அதே கம்பெனி. டாமினோவும் ரிக்கியும் ஒரே லேபிளில் அடுத்தடுத்து தட்டுப் போட்டவர்கள்.

இரண்டாவது, பாட் பூனோடு சேர்ப்பதை மட்டும் என்னால் ஏற்கமுடியவில்லை. பூன் அந்தப் பாட்டுகளைத் துவைத்து இஸ்திரி போட்டுப் பாடினார். ரிக்கி அப்படிச் செய்யவில்லை. அவருக்குப் பிடித்தவர் மெம்ஃபிஸ் சன் ஸ்டூடியோவில் பதிவு செய்த கார்ல் பெர்கின்ஸ். அந்த ஸ்டூடியோ தட்டுகளில் கேட்கும் அந்த வெறும் எலும்பு மாதிரியான சத்தம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. ஹாலிவுட்டில் உட்கார்ந்துகொண்டு, வயலின் கூட்டம் எதுவும் இல்லாமல், நாலைந்து பேரை வைத்து அந்தச் சத்தத்தைத் தேடினார். அப்பாவின் தலைமுறைக்கு அது பிடித்தமான சத்தமல்ல.

கம்பிக்காரன்:

தெற்குவாசல் அண்ணா, அந்த நாலைந்து பேரில் ஒருவரைப் பற்றி நான் எழுதாமல் போனால் ராத்திரி தூக்கம் வராது. ஜேம்ஸ் பர்ட்டன்.

லூசியானாக்காரர், 1939இல் பிறந்தவர். டேல் ஹாக்கின்ஸின் 'சூஸி கியூ'வில் வரும் அந்தக் கிதார் இவர் பையனாக இருந்தபோது வாசித்தது. பாப் லூமன் என்ற பாடகரின் குழுவோடு கலிஃபோர்னியா வந்தார். இம்பீரியல் அலுவலகத்தில் அந்தக் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது ரிக்கி கேட்டுவிட்டார். அவ்வளவுதான், விடவில்லை. பர்ட்டன் கொஞ்சகாலம் நெல்சன் வீட்டிலேயே தங்கியிருந்தார். இரண்டு பையன்களும் ஒரே வீட்டில், கையில் கிதாரோடு. நினைத்தாலே பொறாமையாக இருக்கிறது.

இப்போது வாசிப்புக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் கிதார் கம்பிகள் தடிமனானவை. மூன்றாவது கம்பிகூடச் சுற்றுக்கம்பியாக இருக்கும். அதை விரலால் தள்ளி ஸ்வரத்தை ஏற்றுவதென்றால் விரல் நுனி கிழிந்துவிடும். பர்ட்டன் என்ன செய்தார்? மெல்லிய கம்பி வேண்டுமென்று பாஞ்சோ கம்பிகளை வாங்கித் தன் டெலிகாஸ்டர் மின்கிதாரில் மாட்டிக்கொண்டார். கம்பி ரப்பர் மாதிரி வளைந்தது. வலதுகையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிக் என்கிற மீட்டும் சில்லு, நடுவிரலில் உலோக விரல்நகம். இதனால் கம்பியைக் கொத்திக் கொத்தி எடுக்க முடியும். கோழி இரை பொறுக்குகிற சத்தம் கேட்கும், கவனித்துப் பாருங்கள்.

'பிலீவ் வாட் யூ சே', 1958. ரிக்கி தட்டில் பர்ட்டன் முன்னணிக் கிதார் வாசித்த முதல் பாட்டு. சோலோ வரும் இடத்தில் நான் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. 'ஹலோ மேரி லூ' சோலோ சில நொடிகள்தான். அதில் ஒரு ஸ்வரத்தைக்கூட எடுக்க முடியாது, ஒன்றைக்கூடச் சேர்க்கவும் முடியாது. பின்னாலே டொக் டொக் என்று மாட்டுமணி அடித்துக்கொண்டிருக்கிறதே, அதற்கு மேல் இவர் வழுக்கிக்கொண்டு போகிற விதம்... எழுத்தில் சொல்ல வரவில்லை.

இங்கேதான் உங்கள் காது வாதம் பலமாகிறது. பத்தொன்பது வயசுக்குள் இருக்கும் ஒரு பாட்டுக்காரன், தன்னைவிடப் பிரமாதமாக வாசிக்கிற ஒருவனைத் தேடிப்பிடித்து, டிவியில் தனக்குப் பக்கத்தில் நிறுத்தி, சோலோவில் அவனுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறான். அமெரிக்காவில் எத்தனை பையன்கள் அந்தத் தொடரை ரிக்கிக்காக இல்லாமல் பின்னால் நின்ற கிதாருக்காகப் பார்த்தார்கள் என்பது பிற்காலத்துக் கிதார்க்காரர்களின் பேட்டிகளைப் படித்தால் தெரியும். 1969இல் எல்விஸ் புதுக் குழு சேர்க்கும்போது கூப்பிட்டதும் இதே பர்ட்டனைத்தான். 1977இல் எல்விஸ் சாகும்வரை கூடவே இருந்தார்.

மழைக்காகிதம்:

எனக்கு இந்தப் பாடகரை 'பல்ப் ஃபிக்‌ஷன்' படம் மூலமாத்தான் தெரியும். அந்த ஐம்பதுகள் அலங்காரம் செஞ்ச ரெஸ்டாரன்ட் காட்சியில ஒருத்தர் இவர் மாதிரியே மேடையில பாடுவார். அப்புறம் பின்னணியில ரொம்ப மெதுவா ஒரு சோகப் பாட்டு ஓடும். அதைத் தேடித்தான் 'லோன்சம் டவுன்' கண்டுபிடிச்சேன். இவரே எழுதினதா?

நிலாச்சோறு:

மழைக்காகிதம், எழுதியவர் பேக்கர் நைட். 1958இல் வந்த பாட்டு. ஒரு கிதார், பின்னால் ஜோர்டனேர்ஸ் குழுவின் முணுமுணுப்பு, ரிக்கியின் குரல். டிரம்ஸ் கிடையாது. உடைந்த மனசுக்காரர்கள் போய்ச் சேரும் ஊர் ஒன்று இருக்கிறது என்கிற கற்பனை. பதினெட்டு வயசில் பாடியது!

அவர் குரல் பெரிய குரல் இல்லை. உச்சத்துக்குப் போகாது, உருட்டல் பிரட்டல் எதுவும் வராது. அதை அவரே தெரிந்து வைத்திருந்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. இந்தப் பாட்டில் கொஞ்சம் அழுத்தியிருந்தாலும் அழுகாச்சியாகப் போயிருக்கும். பேசுகிற மாதிரி, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி பாடியிருக்கிறார். பால் மெக்கார்ட்னி 1999இல் இதை மறுபடி பாடிப் பதிவு செய்தார். மனைவி லிண்டா இறந்த பிறகு. பாப் டிலன் 1986இல் மேடைகளில் பாடினார். அந்த இருவரும் சும்மா ஒரு பாட்டைத் தொட மாட்டார்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தெற்குவாசல் சொன்னதற்குச் சில சான்றுகள். 'புவர் லிட்டில் ஃபூல்' எழுதியவர் ஷேரன் ஷீலி என்ற இளம்பெண், அதுவரை யாருக்கும் தெரியாதவர். பில்போர்ட் பத்திரிகை 1958 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஹாட் 100 பாட்டுப் பட்டியலைத் தொடங்கியபோது முதல் வாரத்தில் முதலிடத்தில் நின்றது அந்தப் பாட்டுதான். ஜானி பர்னெட், டார்சி பர்னெட் என்று மெம்ஃபிஸ் சகோதரர்கள் இருவர். நெல்சன் வீட்டு வாசல்படியிலேயே காத்திருந்து, ரிக்கி வந்ததும் பாடிக் காட்டினார்கள். 'பிலீவ் வாட் யூ சே', 'இட்ஸ் லேட்' எல்லாம் அவர்கள் கை. 'ஹலோ மேரி லூ' ஜீன் பிட்னி எழுதியது. 'ட்ராவலின் மேன்' ஜெர்ரி ஃபுல்லர் பாடகர் சாம் குக்குக்காக எழுதியது. அங்கே எடுபடாமல் போய், இம்பீரியல் வழியாக ரிக்கியிடம் வந்தது. 1961இல் ஒரே தட்டின் ஒரு பக்கம் 'ட்ராவலின் மேன்', மறுபக்கம் 'ஹலோ மேரி லூ'. இப்படி ஒரு தட்டை யாராவது இன்னொன்று காட்டுங்கள் பார்ப்போம்.

வடமராட்சி:

பிள்ளையள், உங்கட இழையை இரண்டு நாளா வாசிச்சுக்கொண்டிருக்கிறன். எனக்கு இப்ப எழுபத்தெட்டு வயசு. நீங்கள் எழுதிற பாட்டெல்லாம் நான் வந்த நேரத்திலயே கேட்டனான்.

எங்கட வீட்டில வால்வு ரேடியோ ஒண்டு இருந்தது. இலங்கை வானொலியின்ர தமிழ் வர்த்தக சேவையில அறிவிப்பாளர் மயில்வாகனத்தின்ர குரல் கேட்டால் வீடே அமைதியாகும். அது முடிய அண்ணை ஆங்கில சேவைக்குத் திருப்புவார். அப்பாவுக்குப் பிடிக்காது, அதால சத்தத்தைக் குறைச்சு, காதை ரேடியோப் பெட்டியில ஒட்டி வைச்சுக்கொண்டு கேக்கிறது. ஜிம் ரீவ்ஸும் கிளிஃப் ரிச்சர்டும்தான் கூடப் போகும். இடைக்கிட ரிக்கி நெல்சன். 'ட்ராவலின் மேன்' எனக்கு அப்பிடித்தான் வந்தது. ஊர் ஊராப் போறவன் ஒவ்வொரு துறைமுகத்திலயும் ஒரு பெட்டையைப் பற்றிப் பாடுறான் எண்டு அண்ணை விளங்கப்படுத்தினார். அலாஸ்கா, பெர்லின், ஹாங்காங் எண்டு பேர் வரேக்க நான் பள்ளிக்கூட அட்லஸை எடுத்துத் தேடினனான்.

முகத்தை நான் அப்ப பாக்கேல்லை. டிவி எங்களிட்ட இல்லைத்தானே. பிறகு கொழும்பில 'ரியோ பிராவோ' படம் பாத்தன். ஜான் வெயின், டீன் மார்ட்டின் நடிச்ச ஹவார்ட் ஹாக்ஸ் படம், 1959. சிறைக்கூடத்துக்குள்ள டீன் மார்ட்டின் தொப்பியை முகத்தில சாய்ச்சுப் படுத்துக்கொண்டு பாட, பக்கத்தில ஒரு பெடியன் கிதாரோட இருந்து கூடப் பாடுவான். அவன்தான் ரிக்கி எண்டு கூட வந்த கூட்டாளி சொன்னான். அதுவரைக்கும் எனக்கு அவன் ஒரு குரல் மட்டும். அதால நீங்கள் சொல்லிற "முகம்" எண்ட வழக்கில எனக்குப் பங்கில்லை.

தெற்குவாசல்:

வடமராட்சி ஐயா, இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. மிக்க நன்றி.

கரிசல்:

ஐயாவின் பதிவை இரண்டு தடவை படித்தேன். அருமை.

சரி, இப்போது அடுத்த கேள்வி. அவ்வளவு காது இருந்தவர் ஏன் 1964க்குப் பிறகு காணாமல் போனார்? பீட்டில்ஸ் வந்ததும் இவருடைய கூட்டாளிகள் எல்லாரும் அடித்துச் செல்லப்பட்டுவிட்டார்கள். இவரும்தான். உண்மையான கலைஞன் என்றால் தாங்கியிருக்க வேண்டாமா?

தெற்குவாசல்:

காணாமல் போகவில்லை சார். பார்க்கிறவர்கள் பார்க்கவில்லை. இது கொஞ்சம் நீளமான பதில், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1961இல் இருபத்தொரு வயது ஆனதும் பெயரை 'ரிக்' என்று மாற்றிக்கொண்டார். இனிமேல் சின்னப்பையன் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை; இன்றைக்கு நாமும் ரிக்கி என்றுதான் எழுதுகிறோம். 1963இல் டெக்கா கம்பெனியோடு இருபது வருட ஒப்பந்தம். அடுத்த வருடமே பீட்டில்ஸ் அலை. தொலைக்காட்சித் தொடர் 1966இல் நின்றது. அவருக்கு இருபத்தாறு வயதுதான். அந்த வயதில் நம்மில் பலர் முதல் வேலையில் சேர்ந்திருப்போம், அவரையோ உலகம் முடிந்துபோன கணக்கில் எழுதிவிட்டது.

அந்த நேரத்தில் என்ன செய்தார்? 1966, 1967 இரண்டு வருடமும் கன்ட்ரி இசைத் தட்டுகள் போட்டார். கன்ட்ரியையும் ராக்கையும் கலப்பது அப்போது யாருக்கும் ஃபேஷன் இல்லை. 1969இல் ஸ்டோன் கேனியன் பேண்ட் என்று புதுக் குழு. பேஸ் கிதார் வாசித்தவர் ராண்டி மைஸ்னர். அவர் பிற்பாடு ஈகிள்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெடல் ஸ்டீல் கிதார் வாசித்தவர் டாம் பிரம்லி, கன்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸின் குழுவிலிருந்து வந்தவர். லாஸ் ஏஞ்சலிஸ் ட்ரூபடோர் அரங்கில் அவர்கள் வாசித்ததன் நேரடிப் பதிவு கிடைக்கிறது, கேளுங்கள். எழுபதுகளில் ஈகிள்ஸ் கோடி கோடியாக விற்ற சத்தத்தின் வாசனை அங்கேயே வந்துவிடும். பர்ட்டனைக் கண்டுபிடித்த அதே காது மறுபடியும் வேலை செய்திருக்கிறது.

பிறகு 1971 அக்டோபர் 15. நியூயார்க், மாடிசன் ஸ்கொயர் கார்டன். ரிச்சர்ட் நாடர் நடத்திய பழைய ராக் அண்ட் ரோல் மறுமலர்ச்சிக் கச்சேரி. சக் பெர்ரி, போ டிட்லி, பாபி ரைடல் எல்லாரும் இருந்தார்கள். ரிக் மேடைக்கு வந்தார், தோள்வரை தலைமுடி, பெல் பாட்டம். பழைய பாட்டுகளையும் பாடினார். நடுவில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றை எடுத்தார். கூட்டத்தில் கூச்சல் கிளம்பியது. பின்வரிசையில் போலீஸ் யாரையோ வெளியேற்றியதற்கான கூச்சல் அது என்றும் ஒரு பேச்சு உண்டு. எதுவாக இருந்தாலும், தன்னைத்தான் விரட்டுகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

பதினேழு வயதுப் பையனைப் பார்க்க டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால் முப்பத்தொரு வயது ஆள் வந்து நின்றான். அதுதான் அவன் செய்த குற்றம்.

வீட்டுக்குப் போய் 'கார்டன் பார்ட்டி' எழுதினார். அந்த ராத்திரியின் கதையை அப்படியே. யாரையும் திட்டவில்லை, கத்தவும் இல்லை. வேறு பெயரில் பதுங்கி வந்த பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் உட்பட அங்கே இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போகிறார். பழைய நினைவுகளை மட்டுமே பாடிப் பிழைக்க வேண்டும் என்றால் லாரி ஓட்டப் போகிறேன் என்கிற பொருளில் ஒரு இடம் வரும். அந்த இடத்தில்கூடக் குரல் ஏறவில்லை, கவனித்தீர்களா? 1972இல் அந்தப் பாட்டு பில்போர்டில் ஆறாம் இடம்வரை போனது. சொந்தமாக எழுதி, சொந்தக் குழுவோடு, சொந்தக் கதை.

நிலாச்சோறு:

தெற்குவாசல், கச்சேரிக்குப் போனவர்கள் பக்கத்தையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. 1957இல் பதினான்கு வயதில் அவர் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த பெண்ணுக்கு 1971இல் இருபத்தெட்டு. கைக்குழந்தை இருக்கலாம். அண்ணனோ தம்பியோ வியட்நாமுக்குப் போயிருக்கலாம். ஒரே ஒரு ராத்திரி, பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, தன் பதினான்கு வயதைப் பார்க்க வந்திருக்கிறாள். மேடையில் அவள் வீட்டு வாசலில் நடக்கிற அதே காலம், அதே நீள முடி, வந்து நின்றால் மனசு நொந்துபோகாதா?

அவர் செய்தது சரிதான். ஆனால் கூச்சல் போட்டவர்களை எனக்கு வெறுக்கத் தோன்றவில்லை. அந்தப் பாட்டு இவ்வளவு நன்றாக வந்ததற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன். அவரும் அவர்களை வெறுக்கவில்லை.

தெற்குவாசல்:

உண்மை. நான் இப்படி யோசித்ததே இல்லை. "குற்றம்" என்று எழுதியது என் அவசரம்.

மழைக்காகிதம்:

இவர் விமானத்துல போதைப்பொருள் பத்தவச்சு, அதனால தீப்பிடிச்சு செத்துப்போனார்னு ஒரு வீடியோவில பார்த்தேன். உண்மையா?

தெற்குவாசல்:

இல்லை தம்பி. இதை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன், இந்தப் பொய் நாற்பது வருடமாக அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1985 டிசம்பர் 30, அலபாமா மாநிலம் கன்டர்ஸ்வில்லில் ஒரு சின்ன இடத்தில் கச்சேரி. கடைசியாகப் பாடியது படி ஹாலியின் 'ரேவ் ஆன்'. மறுநாள் டல்லாஸில் புத்தாண்டு இரவுக் கச்சேரி. 1944இல் கட்டிய பழைய டிசி-3 விமானம், ஒருகாலத்தில் ஜெர்ரி லீ லூயிஸிடம் இருந்தது. டெக்சாஸுக்குள் வந்தபிறகு உள்ளே புகை. டி கால்ப் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் வயல்வெளியில் இறக்கினார்கள். விமானிகள் இருவரும் முன்பக்கம் வழியாகத் தப்பினார்கள். பின்னால் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். ரிக், அவர் மணந்துகொள்ள இருந்த பெண், குழுவினர் நால்வர், ஒலிப்பொறியாளர். அவருக்கு வயது நாற்பத்தைந்து.

இரண்டு வாரத்திலேயே போதைப்பொருளைச் சூடாக்கியதால் தீ என்று பத்திரிகைகளில் செய்தி வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் போதைப்பொருளின் தடயம் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தீ அதனால் வந்தது என்று விசாரணை சொல்லவில்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை 1987இல் வந்தது. கேபினின் பின்பகுதியில் தரையை ஒட்டித் தீ தொடங்கியிருக்கிறது, எது பற்றவைத்தது என்று தீர்மானிக்க முடியவில்லை என்பதுதான் முடிவு. வெப்பமூட்டும் கருவி தொந்தரவு கொடுத்துக்கொண்டே இருந்ததாகத் துணை விமானி வாக்குமூலம் தந்திருந்தார். முதல் செய்தி எல்லா வீட்டுக்கும் போனது. அறிக்கையை எத்தனை பேர் படித்தார்கள்?

நான் இருப்பது டல்லாஸ் பக்கம். சில வருடம் முன்னால் ஒரு சனிக்கிழமை டி கால்ப் வரை போய்வந்தேன். கிழக்கே இரண்டரை மணி நேரம். சின்னக் கடைத்தெரு, அதைத் தாண்டினால் புல்வெளி, முள்கம்பி வேலி, வேலியோரம் மாடுகள். வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் நின்றேன். டல்லாஸ் எவ்வளவு பக்கம் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. விமானத்தில் அது இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

வடமராட்சி:

அவர் செத்த செய்தி எனக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது. 85, 86இல எங்களுக்கு எங்கட சாவுகளே கனக்க. பேப்பரில ஒரு மூலையில சின்னதா இருந்தது. அண்ணைக்குச் சொல்லலாமெண்டால் அவரும் அப்ப இல்லை.

நிலாச்சோறு:

ஐயா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் அண்ணன் அட்லஸில் விரல் வைத்துக் காட்டுவதை என்னால் பார்க்க முடிகிறது.

கம்பிக்காரன்:

வடமராட்சி ஐயாவுக்கு வணக்கம். 'ட்ராவலின் மேன்' பற்றி உங்களுக்காக ஒன்று. அந்தத் தொடரில் இந்தப் பாட்டைக் காட்டும்போது ஓஸி நெல்சன் ரிக்கியின் படத்தோடு ஊர் ஊரான காட்சிகளை இழைத்துக் காட்டினார். இசைக் காணொளியின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். நீங்கள் அட்லஸை வைத்துப் பார்த்ததை அங்கே திரையில் காட்டியிருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள்.

வடமராட்சி:

பேத்தி எடுத்துத் தந்தவள், பாத்தன். என்ர அட்லஸில ஹாங்காங் இன்னும் வடிவா இருந்தது.

கரிசல்:

நான்கு நாளாக நீங்கள் எல்லாரும் சொன்ன பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். முடிவைச் சொல்லிவிடுகிறேன்.

'ஐ'ம் வாக்கின்' டாமினோ பாடியதுதான் எனக்கு இப்போதும். அந்தத் துள்ளலுக்குப் பக்கத்தில் பையன் பாடியது மெலிந்துதான் கேட்கிறது. இதில் மாறமாட்டேன். வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதிலும் மாறமாட்டேன்.

ஆனால் 'பிலீவ் வாட் யூ சே' கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அது டிவி பையன் போடும் சத்தம் இல்லை. 'லோன்சம் டவுன்' மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். 1987இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது அவரைப் பற்றிப் பேசியவர் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி என்று பார்த்தேன். அவருடைய குழு 'ஹலோ மேரி லூ'வைத் தட்டில் போட்டிருக்கிறது. சதுப்புநிலத்துக் கரகரப்புக் குரல்காரர் அந்த மெல்லிய குரலில் என்ன கேட்டார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்து எதைக் கேட்கலாம்?

தெற்குவாசல்:

கரிசல் சார், மனம் நிறைந்துவிட்டது. அடுத்து 'இட்ஸ் லேட்' கேளுங்கள். அதற்குப் பிறகு ட்ரூபடோர் பதிவு முழுவதும், நடுவில் நிறுத்தாமல். அதில் பழைய பாட்டுகளைப் புதுக் குழுவோடு பாடியிருக்கிறார். 'ஹலோ மேரி லூ'வும் இருக்கிறது. சோலோ வரவேண்டிய இடத்தில் பர்ட்டன் இல்லை, ஸ்டீல் கிதார் இருக்கும். எது பிடித்தது என்று வந்து எழுதுங்கள்.

கம்பிக்காரன்:

எனக்குப் பர்ட்டன்தான். ஆனால் ஸ்டீலில் பிரம்லி வாசித்ததையும் இந்த வாரம் எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதி வந்துவிட்டது. மீதியை ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன்.